மொதல்ல அந்தப் பக்கம்

எங்கள் லேஅவுட்டின் மூலை வில்லாவுக்குப் போன மாதம் புதிதாகப் பெயிண்ட் அடித்தார்கள். வாங்கியவர்கள் சென்னைக்காரர்கள். மாதத்துக்கு ஒரு தடவை திருத்தணி முருகனைப் பார்க்க வந்து ஒரு ராத்திரி தங்கிவிட்டுப் போவார்கள். இப்போது வீடு முழுக்க ஒரே நிறம். மற்றவர்களுக்கு அது சாதாரணம். எனக்கு மட்டும் அதைப் பார்க்கும்போது என்னவோ போல இருக்கிறது. அந்த வீட்டை வலது பக்கம் புதுசாகவும் இடது பக்கம் வெளுத்தும் பார்த்துப் பழகிவிட்டேன்.

அதில் முன்பு இருந்த அம்மாவின் பெயரை எழுதப் போவதில்லை. எழுதினால் அவருக்குப் பிடிக்காது. அவர் இப்போது பெங்களூரில் மகன் வீட்டில் இருக்கிறார். போனில் பேசும்போதுகூட வீட்டைப் பற்றி நாங்கள் இருவரும் பேசிக்கொள்வதில்லை.

நான் வங்கியில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவள். அம்பத்தூர் ஃபிளாட்டை விற்றுவிட்டு நானும் என் கணவரும் திருத்தணிக்கு வெளியே இந்த வில்லாவை வாங்கினோம். விளம்பரத்தில் மலை தெரிந்தது, நீச்சல் குளம் தெரிந்தது, வாசலில் நீரூற்று தெரிந்தது. வருடச் செலவு தெரியவில்லை. வந்த பிறகுதான் ஒவ்வொன்றாகத் தலைகாட்டியது. வீட்டு வரி, மெயின்டனன்ஸ், ஜெனரேட்டர் டீசல், கரையான் மருந்து, ஏசி சர்வீஸ், இன்வெர்ட்டர் பேட்டரி, மழைக்கு முன்னால் மொட்டை மாடிக்கு ஒழுகாத பூச்சு. நீரூற்றுக்குள் ஒரு மோட்டார் இருக்கிறது, அது வருடா வருடம் கெட்டுப்போகும். என் கணவர் இதையெல்லாம் கூட்டிப் பார்த்துவிட்டு, "நாம வீடு வாங்கலடி, வீடுதான் நம்மை வாங்கியிருக்கு" என்றார். வங்கியில் இருந்தவள் என்ற ஒரே குற்றத்துக்காக என்னைக் குடியிருப்போர் சங்கத்துக்குப் பொருளாளர் ஆக்கிவிட்டார்கள்.

அந்த அம்மா என்னிடம் முதன்முதலில் வந்தது அந்த விஷயமாகத்தான். ஒரு மார்ச் மாதம். கையில் மெயின்டனன்ஸ் பில்.

"பேங்க்கம்மா, இத்த ரெண்டா போட்டுக் குடுங்க."

"எதுக்கும்மா ரெண்டு? ஒரே வீடுதானே?"

"ஆங், ஒரே வீடுதான். வலது பக்கம் ஒரு சீட்டு, இடது பக்கம் ஒரு சீட்டு. பாதி பாதியா போட்டுக் குடுங்க."

வருமான வரிக்காக ஏதோ தந்திரம் செய்கிறார் என்று நினைத்தேன். வங்கியில் அந்த மாதிரி ஆட்களை நிறையப் பார்த்திருக்கிறேன். பிறகு வீட்டுக்குள் போய்ப் பார்த்தபோதுதான் தெரிந்தது, அவர் அந்த வீட்டில் பாதியில்தான் வாழ்கிறார் என்று.

நடுவில் மாடிப்படி. அதற்கு இடது பக்கம் அவருடையது. சமையலறை, ஒரு படுக்கையறை, மாடியில் ஒரு அறை, ஒரு பால்கனி. அந்தப் பால்கனியில் நின்றால் எதிரே ஜெனரேட்டர் ஷெட் தெரியும். வலது பக்கம் அதே அளவில் எல்லாம் உண்டு. கூடவே தனியாக ஒரு சின்ன சமையலறையும் கட்டியிருந்தார். அந்தப் பக்கத்து பால்கனியிலிருந்து மலை தெரியும், கோயில் கோபுரம் தெரியும், கிருத்திகை நாளில் காவடிகள் ஏறுவதுகூட மஞ்சளாகத் தெரியும். அங்கே ஒரு நாற்காலிகூடப் போட்டு அவர் உட்கார்ந்ததில்லை.

அந்தப் பக்கத்துக்கு வேறு மின்சார மீட்டர் வாங்கியிருந்தார். ரீடிங் எடுக்க வருகிறவர் ஒவ்வொரு தடவையும் ஏறக்குறைய அதே எண்ணைப் பார்த்துவிட்டு, "இந்தப் பக்கம் ஆளே இல்லையாம்மா?" என்று கேட்பார். "வருவாங்க" என்பார் இவர்.

ஏசி சர்வீஸுக்கு வருகிற பையனுக்கு இது பெரிய வேடிக்கை. "ஓடாத ஏசிக்கு எதுக்கும்மா சர்வீஸ்? காசு வீணு" என்றான் ஒருநாள், என் எதிரிலேயே.

"யாருப்பா ஓடலன்னது? நான் ஓட்டிகினுதான் இருக்கறேன்."

அது உண்மை. ஏசி கெட்டுவிடக் கூடாது என்று மாதத்தில் ஒருநாள் வலது பக்கத்து அறையில் அதைப் போட்டுவிட்டு, கதவைச் சாத்திவிட்டு, வெளியே படிக்கட்டில் உட்கார்ந்திருப்பார். அவர் பக்கம் ஏசியே கிடையாது. முந்தானையால் விசிறிக்கொண்டு, ஆளில்லாத அறை குளிர்ந்து முடிக்கும்வரை காத்திருப்பார். திருத்தணி வெயில் எப்படி என்று இங்கே இருப்பவர்களைக் கேட்டால் தெரியும்.

எந்தச் செலவாக இருந்தாலும் அவர் வாயில் வருவது ஒரே பேச்சுதான். "மொதல்ல அந்தப் பக்கம்." தொட்டி கழுவ ஆள் வந்தால் மொதல்ல அந்தப் பக்கம். கரையான் மருந்து அடித்தால் மொதல்ல அந்தப் பக்கம். கணவர் இறந்த பிறகு வருமானம் சுருங்கிவிட்டது. டெபாசிட் வட்டியும் குறைந்துகொண்டே வந்தது, அதை நான்தான் அவருக்கு விளக்கிச் சொன்னேன். அந்த வருடம் பெயிண்ட் அடிக்கப் பணம் பாதிதான் இருந்தது. வலது பாதிக்கு மட்டும் அடித்துவிட்டு நிறுத்திவிட்டார். வில்லா வரிசையே அசிங்கமாகத் தெரிகிறது என்று சங்கத்தில் சண்டை. நோட்டீஸ் கொடுக்க என்னைத்தான் அனுப்பினார்கள். சங்கடத்தோடு போய் நின்றேன்.

"குடுங்க பேங்க்கம்மா, நீங்க இன்னா செய்வீங்க" என்று அவரே நோட்டீஸை வாங்கிக்கொண்டு எனக்குக் காபி கொடுத்தார். "இப்பத்திக்கு இவ்ளோதான் முடியும். என் பக்கம் எப்பிடி இருந்தா இன்னா?"

மகன் பெங்களூரிலிருந்து போன் பண்ணும்போதெல்லாம் அந்தப் பக்கத்தை வாடகைக்கு விடச் சொல்வான். நானும் சொல்லியிருக்கிறேன். வாடகை வந்தால் வருடச் செலவு முழுக்கக் கட்டிவிடும், மிச்சம்கூட இருக்கும் என்று போட்டுக் காட்டினேன். அவர் பொறுமையாகக் கேட்டுவிட்டு, "அடுத்தவங்க பாகத்த நான் எப்பிடிங்க வாடகைக்கு விடறது?" என்றார்.

அடுத்தவங்க யார் என்பது எனக்குத் தெரிய இன்னும் ஒரு வருடம் ஆனது. மழைக்கு முன்னால் மொட்டை மாடிக்குப் பூச்சு அடித்துக்கொண்டிருந்த நாள். வழக்கம் போல முதலில் வலது பக்கம். ஆட்கள் அடிப்பதைப் பார்த்தபடி இருவரும் தண்ணீர்த் தொட்டி நிழலில் நின்றிருந்தோம். அவர் சுற்றுச்சுவருக்கு அந்தப் பக்கம் முள் மண்டிக் கிடந்த நிலத்தைக் காட்டினார். அதன் நடுவே ஒரு கிணறு.

"அது என் ஓரகத்தியோடது. எங்க வீட்டுக்காரரோட தம்பி சம்சாரம். இந்த லேஅவுட் இருக்கற எடம் எங்களுது. ரெண்டும் சேந்து மாமனார் நெலம்."

பிறகு அவராகவே சொன்னார். யாரும் கேட்கவில்லை.

"பாகம் பிரிக்கறதுக்கு மின்னாடியே புரோக்கர் வந்துட்டுப் போனான். ரோட்டோர நெலத்த வில்லா கட்றவங்க கேக்கறாங்க, பணமும் குடுப்பாங்க, ஒரு வீடும் குடுப்பாங்கன்னு சொன்னான். நான்தான் அவனுக்கு மோர் குடுத்தேன். உள்ள நின்னுகினு எல்லாத்தையும் கேட்டுகினுதான் இருந்தேன். அப்பறமா எங்க வீட்டுக்காரரு தம்பிகிட்ட சொன்னாரு, 'கெணறு இருக்கற நெலத்த நீ எடுத்துக்கடா, நீதான் பயிர் வெக்கறவன், ரோட்டோர மேட்ட நான் பாத்துக்கறேன்'னு. தம்பிக்குக் கண்ணுல தண்ணி வந்துட்ச்சி. அண்ணன் நல்ல நெலமா பாத்து நமக்குக் குடுக்கறாருன்னு."

"நீங்க ஒண்ணும் சொல்லலையா?"

"நான் பாயசம் வெச்சேன்." அவர் சுவரில் காய்ந்திருந்த பூச்சை நகத்தால் சுரண்டினார். "ரிஜிஸ்டர் ஆபீஸ்லருந்து எல்லாரும் பசியோட வருவாங்கன்னு சேமியா பாயசம். அவளுக்கு முந்திரி அள்ளிப் போட்டேன். 'உங்க கைப்பக்குவம் யாருக்கும் வராதுக்கா'ன்னு சொல்லிகினு ரெண்டு டம்ளர் குடிச்சா."

வில்லாக்கள் வந்தன. சுற்றுச்சுவர் எழும்பியதும் தம்பி நிலத்துக்குப் போகும் வண்டிப்பாதை அடைபட்டது. லேஅவுட்டுக்குப் போட்ட போர்வெல்கள் ஆழமானவை. கிணற்றில் தண்ணீர் இறங்கிக்கொண்டே போய் ஒருநாள் நின்றுவிட்டது. தம்பி இப்போது பொதட்டூர்பேட்டையில் யாரோ ஒருவரின் பவர்லூமில் கூலிக்கு லுங்கி நெய்கிறார். ஓரகத்தி கனகம்மாசத்திரம் பஸ் நிறுத்தத்தில் டிபன் கடை போட்டிருக்கிறாள். நிலம் இன்னும் அவர்கள் பெயரில்தான் இருக்கிறது, வாங்க ஆளில்லை.

எங்கள் நீச்சல் குளம் அந்த போர்வெல் தண்ணீரில்தான் நிறைகிறது. குளத்துக்கான செலவை வருடா வருடம் பட்ஜெட்டில் எழுதுகிறவள் நான்.

"பணமா கொடுத்துடலாமே?" என்று கேட்டேன்.

"குடுத்துப் பாத்தேங்க. ஒரு தரம் கொண்டும்போய் குடுத்தேன். 'எதுக்குக்கா இது? எங்க பாகம்தான் நாங்க வாங்கிட்டமே'ன்னா. எதுக்குன்னு சொன்னாத்தானே வாங்குவா? அதச் சொல்ல எனக்கு வாய் வர்ல. திருப்பி எடுத்துகினு வந்துட்டேன்."

அவர் கஷ்டம் எனக்கு அப்போதுதான் முழுசாகப் புரிந்தது. ஒரு வார்த்தை சொல்ல முடியாமல் பாதி வீட்டுக்குத் தீனி போட்டுக்கொண்டிருந்தார். ஓரகத்தி என்றாவது வந்து அந்த அறைகளைப் பார்த்தால், தானாகவே புரிந்துகொண்டு சாவியை வாங்கிக்கொள்வாள், தான் எதையும் சொல்ல வேண்டியிருக்காது என்று நம்பினார். அந்த நம்பிக்கையை நான் கெடுக்கவில்லை. கெடுத்திருக்கலாம்.

ஓரகத்தி வந்தாள். மகளுக்குக் கல்யாணம், பெரிய ஓரகத்திக்கு நேரில் வந்து பத்திரிகை வைத்தே ஆக வேண்டும், அதனால் வந்தாள். அந்த அம்மா போனில் என்னை அழைத்தார். "பேங்க்கம்மா, கொஞ்சம் வாங்க, அவ வந்துக்கறா" என்றார்.

நான் போனபோது ஓரகத்தி கூடத்தில் நின்றிருந்தாள். வெற்றிலை பாக்கு, பழம், குங்குமம், பத்திரிகை வைத்த எவர்சில்வர் தட்டு கையில். நாற்பத்தைந்து வயதிருக்கும். அடுப்புக்கு எதிரே நின்று நின்று கறுத்த முகம், ஆனால் சிரித்த முகம்.

"அவரு வர்லியா?" என்று அந்த அம்மா கேட்டார்.

"கேட்டாண்ட வண்டியிலயே குந்திகினு இருக்காருக்கா. உள்ள வரச் சொன்னா வர மாட்டேன்னுட்டாரு."

அதற்கு மேல் அந்த அம்மா கேட்கவில்லை. ஓரகத்தியின் கையைப் பிடித்து வலது பக்கம் அழைத்துப்போனார். அறை அறையாகக் காட்டினார். திரைச்சீலை, கட்டில், சின்ன சமையலறை, மலை தெரியும் பால்கனி. ஏசி முன்பே போட்டு வைத்திருந்தார். நான் பின்னாலேயே போனேன்.

"யாருக்கா இருக்காங்க இங்க?"

"யாரும் இல்ல. உனக்குத்தான்." அந்தப் பக்கத்துச் சாவிக்கொத்தை எடுத்துத் தட்டில் பத்திரிகைக்குப் பக்கத்தில் வைத்தார்.

ஓரகத்தி சாவியைப் பார்த்தாள், கட்டிலைப் பார்த்தாள், மேலே ஏசியைப் பார்த்தாள். "இதுக்கெல்லாம் வருசத்துக்கு இன்னா ஆவும்?" என்றாள்.

அந்த அம்மா என்னைப் பார்த்தார். இந்தக் கேள்விக்குப் பதில் சொல்வதில் என்னை மிஞ்ச ஆளில்லை. வரியில் பாதி, மெயின்டனன்ஸில் பாதி, பூச்சு, மருந்து, சர்வீஸ் என்று எல்லாம் சேர்த்து, சங்கக் கூட்டத்தில் படிக்கிற அதே குரலில் தொகையைச் சொன்னேன். சொல்லி முடித்த பிறகுதான் யாரிடம் சொல்கிறேன் என்று உறைத்தது.

ஓரகத்தி கோபப்படவில்லை. சிரித்தாள். "வருசம் பூரா இட்லி ஊத்தினாலும் எங்களுக்கு இவ்ளோ நிக்காதுங்க. இத்த வாங்கிகினா, இத்த வெச்சிக் காப்பாத்த நாங்க இன்னொரு கட போடணும்க்கா."

"நானே கட்டிட்றேன். நீ வந்து இருந்தா போதும்."

"எல்லாத்தையும் நீங்களே கட்னா அப்பறம் யாரு வூடுக்கா இது?"

சாவியை எடுத்துக் கட்டில்மேல் வைத்தாள், துணி மடித்து வைப்பது போல மெதுவாக. பிறகு தட்டை நீட்டிப் பத்திரிகையைக் கொடுத்தாள். குங்குமம் வைத்தாள். காலைத் தொட்டுக் கும்பிட்டுவிட்டு நிமிர்ந்தாள்.

"ஒண்ணே ஒண்ணு கேக்கறேன்க்கா. கோவிச்சுக்காதீங்க. அன்னிக்குப் பாகம் பிரிக்க சொல்ல, ரோட்டோர நெலத்துக்கு ஆள் வந்துட்டுப் போனது உங்களுக்குத் தெரியுமா?"

இத்தனை வருடமாக அவரால் சொல்ல முடியாமல் இருந்தது இதுதான். சொல்லிவிடுவார் என்று நினைத்தேன். அந்த அம்மாவின் உதடு அசைந்தது. கை எதையோ தேடி மேசைமேல் இருந்த ரிமோட்டை எடுத்தது.

"குளுரு ஜாஸ்தியா இருக்குதா?" என்றார். "கொறைக்கட்டுமா?"

ஓரகத்தி அவர் முகத்தைப் பார்த்தாள். "வேணாம்க்கா. நான் கெளம்பறேன். கல்யாணத்துக்கு வந்துடுங்க."

கேட் வரைக்கும் நான்தான் கூடப் போனேன். அந்த அம்மா ரிமோட்டோடு அந்த அறையிலேயே நின்றுவிட்டார். நீரூற்றுக்குப் பக்கத்தில் ஓரகத்தி நின்றாள்.

"நீங்க பேங்க்ல இருந்தவங்க. அவுங்க உங்ககிட்ட எல்லாம் சொல்லுவாங்கன்னு கேள்விப்பட்டுக்கறேன். அக்காவுக்குத் தெரியுமாங்க?"

"எனக்கு எப்படிம்மா தெரியும்?" என்றேன். "நாங்க அப்புறம் வந்தவங்க."

எவ்வளவு சுலபமாக வந்தது அந்தப் பதில். அதில் பாதி உண்மைகூட இருந்தது. ஓரகத்தியின் முகம் கொஞ்சம் தெளிந்தது. "ஆங், சரிதாங்க" என்றாள். ஒருவேளை அக்காவுக்குத் தெரியாமலே இருந்திருக்கலாம் என்று அவள் நினைத்திருக்க வேண்டும். அவள் முகம் அப்படித் தெளிந்ததுதான் இன்றுவரை என்னை உறுத்துகிறது. கேட்டுக்கு வெளியே நின்றிருந்த வண்டியில் ஏறிப் போய்விட்டாள்.

கல்யாணம் மலைமேல் முருகன் சந்நிதியில். சாப்பாடு கீழே ஒரு மண்டபத்தில். என் கணவர் காரில் எங்கள் இருவரையும் மலைக்குக் கூட்டிக்கொண்டு போனார். பாதி வழியில் அந்த அம்மா சொன்னார்.

"இன்னிக்கு நான் சொல்லிடறேன் பேங்க்கம்மா. வீட்ட வாங்க மாட்டேன்னுட்டா. குடுக்கறதுக்கு என்கிட்ட வேற இன்னா இருக்குது?"

"கல்யாண நாளும் அதுவுமா வேண்டாமே. அவ சந்தோஷமா இருக்கற நேரம். இன்னொரு நாள் சொல்லிக்கலாம்."

பாதி அவளுக்காகச் சொன்னேன். மீதி எனக்காக. கேட்டாண்டை நான் சொன்ன பொய் இருந்ததே. அதை இந்த அம்மாவிடம் நான் சொல்லியிருக்கவில்லை. அவர் ஜன்னல் வழியாக வெளியே பார்த்துக்கொண்டு வந்தார்.

தாலி கட்டி முடிந்து மண்டபத்துக்கு வந்தோம். பந்தியில் எங்கள் இருவருக்கும் பக்கத்துப் பக்கத்து இலை. சொந்தக்காரர்கள் இலைக்கு மட்டும் பெண்ணின் அம்மாவே பாயச வாளியோடு வந்தாள். பட்டுப்புடவை, தலை நிறையப் பூ, கண்ணில் காலையில் அழுத தடம். "நல்லா சாப்புடுங்க" என்று ஒவ்வொருவரையும் கேட்டுக்கொண்டே வந்து அந்த அம்மாவின் இலைக்கு எதிரே குனிந்தாள்.

அந்த அம்மா இலைமேல் கையை விரித்து மறைத்தார்.

"இன்னாக்கா, வேணாமா? சேமியாதான்."

"எனக்குத் தெரியும்மா." குரல் சன்னமாக இருந்தாலும் தெளிவாக இருந்தது. "அன்னிக்கே தெரியும். தெரிஞ்சிகினுதான் ஒனக்குப் பாயசம் வெச்சேன்."

ஓரகத்தி குனிந்தபடியே இருந்தாள். கரண்டியிலிருந்து ஒரு சொட்டு இலை ஓரத்தில் விழுந்தது. எதிர் வரிசையில் யாரோ ரசம் கேட்டுக்கொண்டிருந்தார்கள். அவள் அந்த அம்மாவைப் பார்க்கவில்லை. தலையைத் திருப்பி என்னைப் பார்த்தாள். நான் என் இலையைப் பார்த்தேன்.

"கைய எடுங்கக்கா" என்றாள் கடைசியில். "பாயசம் படாம எல மடிக்கக் கூடாது."

அந்த அம்மா கையை எடுத்தார். ஒரு கரண்டி ஊற்றினாள். அவர் அதை வழித்துச் சாப்பிட்டார், குனிந்த தலை நிமிராமல், கண்ணீர் மூக்கு நுனியில் நிற்க, ஒரு சேமியாகூட மிச்சம் வைக்காமல்.

ஓரகத்தி என் இலைக்கு வந்தாள். ஒரு கரண்டி.

"போதும்மா" என்றேன்.

"இருக்கட்டும், சாப்புடுங்க" என்று முந்திரியாகப் பார்த்து இன்னொரு கரண்டி எடுத்து ஊற்றினாள். "உங்களுக்கு இன்னாங்க. நீங்க அப்பறம் வந்தவங்க."